மூட்டையில் எழுதாத வரி

முதல் நாளே என்னை உப்பு நக்க வைத்தவர் கடாக்கார அக்கா. சேதராப்பட்டில் எருமைக் கடாக்கள் கட்டியிருந்த அவருடைய கொட்டகை வாசலில் நின்று, மாதிரிப் பாக்கெட்டைப் பிரித்து, மாடுகளுக்கான தாது உப்பைப் பற்றிய என் வழக்கமான பேச்சைத் தொடங்கியிருந்தேன். அவர் அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை. பாக்கெட்டை வாங்கி இடது உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். சாம்பல் நிறத்தில் இருந்த அந்தப் பொடியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் துப்பினார். பிறகு கையை என் பக்கம் நீட்டி, "நீங்களும் பாருங்க சார்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "நான் மாடு இல்லீங்களே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "என் கடா வாய் பேசாது. நல்லா இல்லன்னா அது யாருகிட்ட சொல்லும்? நீங்க தின்னு பாத்துட்டு விக்கிறீங்களா, பாக்காம விக்கிறீங்களா?" என்றார். அந்தப் பொடியை ஒன்பது வருடமாக விற்றுக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்குத்தான் முதன்முறையாக அதை வாயில் வைத்தேன். கரிப்பும் சுண்ணாம்பும் துருப்பிடித்த ஆணியும் சேர்ந்த ருசி.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட சின்ன ஆலை எங்களுடையது. சுண்ணாம்புத்தூள், பாஸ்பேட், கறியுப்பு, துத்தநாகம், தாமிரம் என்று ஒவ்வொன்றையும் பெரிய உருளையில் கொட்டிச் சுற்றவிட்டு மூட்டை பிடிப்போம். மூட்டையின் மேல் மடி பெருத்த ஒரு பசு மாட்டின் படம் இருக்கும். அதற்குக் கீழே பச்சை எழுத்தில் 'எல்லா மாடுகளுக்கும் ஏற்றது' என்று அச்சடித்திருப்போம். பைக்கில் மாதிரிப் பாக்கெட்டுகளுடன் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது என் வேலை. எங்கள் தொழிலில் மாடு வளர்க்கும் பெண் யாராக இருந்தாலும் அக்காதான். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பது பிற்பாடு தெரிந்தது. அதற்குள் அந்த அழைப்பு பழகிவிட்டது, இன்றுவரை மாறவில்லை.

ஊரில் அவரைக் கடாக்காரி என்பார்கள். அதை மரியாதையாகச் சொன்னவர்கள் குறைவு. அவர் பாலுக்கு மாடு வைத்திருக்கவில்லை. எருமைக் கடாக்கன்றுகளை வாங்கி, ஒன்றரை இரண்டு வருடம் தீனி போட்டு, கறிக்கு விற்பார். எருமை வைத்துப் பால் கறக்கும் வீடுகளில் ஆண் கன்று பிறந்தால் அதற்கு என்ன கதி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். தாயின் பால் விற்பனைக்குப் போய்விடும். கன்று ஒரு மூலையில் கட்டிக் கிடந்து எலும்பும் தோலுமாகிச் சாகும். அந்தக் கன்றுகளைத்தான் அக்கா வாங்கி வந்தார். அவர் கணவர் பக்கத்து ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். கொட்டகைக்கு வந்தால் சாணி அள்ளுவார், தண்ணீர் காட்டுவார். பேச்சை மனைவியிடம் விட்டுவிடுவார்.

"கறிக்கு வளக்கிறியே, பாவம் இல்லியா?" என்று என் முன்னாலேயே ஒரு பால்காரர் அவரைக் கேட்டிருக்கிறார். அக்கா தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார். "நீங்க பட்டினி போட்டுக் கொன்னா அது பாவம் இல்ல. நான் வயித்துக்குப் போட்டு வளத்தா அது பாவம். நல்லா இருக்குது உங்க ஞாயம்." அந்த மனிதர் பிறகு அந்தப் பக்கம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை, கன்றுகளை மட்டும் விற்றுக்கொண்டிருந்தார். நகரத்தில் வெள்ளைக்கார வீதி ஓட்டல்களில் பிஃப்தெக் என்று பிரெஞ்சுப் பெயரோடு தட்டில் வரும்போது அதே கறிக்குக் கௌரவம் வந்துவிடுகிறது. அதை வளர்த்தவளுக்குத்தான் வருவதில்லை. எனக்கும் அப்போது உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. வாடிக்கையாளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'எருமைப் பண்ணை' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

முதலில் அவர் என்னை நம்பியதற்குக் காரணம் இருந்தது. நான் போன சமயத்தில் அவருடைய கடாக்கள் கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தன. செருப்பு, கயிறு, சாக்கு, நாய் போட்டுவிட்டுப் போன எலும்பு என்று எதையும் விடவில்லை. சுவரை நக்கி நக்கிப் பூச்சு உதிர்ந்திருந்தது. தீனி என்று பார்த்தால் வெறும் வைக்கோல், கொஞ்சம் புல். வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டுக்குப் பாஸ்பரஸ் போதாது. போதாதபோது அது எலும்பைத் தேடும். எங்களிடம் பாஸ்பரஸ் கூடுதலாகப் போட்ட கலவை ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தேன். ஒன்றரை மாதத்தில் செருப்புக் கடிப்பது நின்றது. ரோமம் மினுங்கியது. அக்கா போன் செய்து, "சார், சுவத்த விட்டுட்டுதுங்க" என்றார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னிடம் சுவரைப் பற்றிப் பேசியதில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் தவறினேன். அந்த வருடம் அறுவடைக்குப் பிறகு ஓர் அரிசி ஆலையிலிருந்து தவிடு தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது. அக்கா கடாக்களுக்கு வேளைக்கு வேளை தவிடு கலந்து வைத்தார். அவை கண்ணுக்கு முன்னால் சதை பிடித்தன. ஒருநாள் அவர் என்னிடம் தெளிவாகவே கேட்டார். "இப்ப தவிடு நெறைய தின்னுதுங்க சார். உப்ப அதே அளவு போடலாமா, கொறைக்கணுமா?" சரியான கேள்வி அது. அந்தத் தொழிலில் யாரும் என்னிடம் அதுவரை கேட்காத கேள்வி. நான் பைக்கைவிட்டு இறங்கக்கூட இல்லை. "உடம்பு கூடுதில்லக்கா, உப்பையும் கூட்டுங்க" என்றேன். கம்பெனி துண்டுத்தாளில் அப்படித்தான் இருந்தது. தவிட்டிலேயே பாஸ்பரஸ் மண்டிக் கிடக்கிறது, சுண்ணாம்புச் சத்து கிடையாது என்பதை நான் கல்லூரியில் படித்திருந்தேன். படித்தது எங்கேயோ கிடந்தது, வாயில் வந்தது துண்டுத்தாள்.

மார்கழியில் குளிருக்குக் கடாக்கள் தண்ணீர் குடிப்பது குறைந்தது. ஒரு காலையில் அக்கா போன் செய்தார். பெரிய கடா ஒன்று வாலைத் தூக்கித் தூக்கி முக்குகிறது, வயிற்றைப் பின்னங்காலால் உதைக்கிறது, பல்லைக் கடிக்கிறது, சொட்டுச் சொட்டாகத்தான் ஒண்ணுக்குப் போகிறது என்றார். ஜீரணக் கோளாறாக இருக்கும் என்று நான் போனிலேயே வைத்தியம் சொன்னேன். மறுநாள் நேரில் போனபோது சொட்டும் நின்றிருந்தது. கடா முதுகைக் கூனிக்கொண்டு நின்று, யாரோ உள்ளே திருகுவதுபோல நடுங்கியது. மருத்துவர் வெளியூர் போயிருந்தார், மாலைக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். மதியம் ஒரு மணி இருக்கும். திடீரென்று கடா அமைதியாகிவிட்டது. உதைக்கவில்லை, முக்கவில்லை. ஒரு வாய் வைக்கோலைக்கூட இழுத்தது. அக்கா அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே, "வலி வுட்டுடுச்சி சார், நல்லாயிடும்" என்றார். நானும் நல்லாகிவிடும் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்தோம்.

மூத்திரப்பை உடைந்தால் வலி நின்றுவிடும் என்று மாலையில் வந்த மருத்துவர் சொன்னார். உள்ளே வயிறு முழுக்க மூத்திரம் பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது. மறுநாள் பொழுது விடியுமுன் அது செத்துப்போனது.

அதே அறிகுறி இன்னொரு கடாவுக்கும் தொடங்கியிருந்தது. அதை மினி வேனில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வயிற்றைத் திறந்து, மூத்திரப்பையில் குழாய் வைத்து வெளியே விட்டார்கள். மருத்துவர் ஒரு கிண்ணத்தில் வடிகட்டியதைக் காட்டினார். அடியில் மணல் மாதிரி பொடிக் கற்கள். கேள்விமேல் கேள்வி கேட்டு, தவிட்டின் அளவையும் நான் கொடுத்த உப்பின் பெயரையும் அறிந்துகொண்டார். "தவிட்டுலயே பாஸ்பரஸ் கொட்டிக் கெடக்குது. அதுமேல இந்த உப்பு வேற. தண்ணியும் கொறஞ்சிடுச்சி. பெண் மாடா இருந்தா வழி அகலம், வந்த பொடி போயிடும். ஆணுக்கு வழி சின்னது, வளைஞ்சு போவும். அங்க போய் அடைச்சிக்கும்." பிறகு என்ன செய்யவேண்டும் என்று அக்காவிடம் சொன்னார். தவிட்டைக் குறைக்கவேண்டும், இந்த உப்பை நிறுத்தவேண்டும், தீனியில் சுண்ணாம்புத்தூளும் கறியுப்பும் கூட்டவேண்டும். கறியுப்பு கூடினால் தாகம் எடுத்து மாடு தண்ணீர் குடிக்கும். கல் கரைய நவச்சாரம் எழுதிக் கொடுத்தார். அவர் பேசும்போது அக்கா ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவர் தட்டாஞ்சாவடிக்கு வந்தார். முதலாளியின் மேசைக்கு முன்னால் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். நஷ்டஈடு கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று முதலாளி நினைத்துக்கொண்டு, கடா வேறு நோயில் செத்திருக்கும் என்று ஆரம்பித்தார். அக்கா குறுக்கிட்டு, தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். "மூட்டை மேல ஒரு வரி எழுதுங்க சார். தவிடு நெறைய தின்ற ஆண் மாட்டுக்கு இது ஆவாதுன்னு. அது போதும்."

முதலாளி சிரித்தார். "இந்தப் பக்கத்துல கடா வளக்குறவங்க எத்தன பேரும்மா? ஒங்க ஒருத்தருக்காக மூட்டைய மாத்த முடியுமா? கறிக்குத்தானே வளக்குறீங்க. எப்படியும் சாவப்போறதுதானே."

அறையில் கணக்கரும் நானும் இருந்தோம். அக்கா முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சாவப்போறதுதான் சார். நீங்களும் சாவப்போறீங்க, நானும் சாவப்போறேன். அதுக்காக மூத்திரம் அடைச்சி சாவணுமா?"

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து போய்விட்டார். நான் அறையில்தான் நின்றேன். அப்போது நானும் அவருடன் எழுந்து வெளியே போயிருக்கவேண்டும். போகவில்லை.

அவர் காத்திருக்கவில்லை. தீவனம் வாங்கும் கடையில் எங்கள் மூட்டைகள் அடுக்கியிருக்கும். ஒரு சிவப்பு மார்க்கருடன் போய், பசு மாட்டின் படத்துக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'தவிடு தின்னும் கடாவுக்கு இது ஆகாது' என்று ஒவ்வொரு மூட்டையிலும் எழுதியிருக்கிறார். கடைக்காரர் எனக்குப் போன் செய்து கத்தினார். "யாரு சார் இந்தம்மா? எழுதாதம்மான்னு நான் சொன்னா, 'ஒனக்கும் சேத்துத்தான் எழுதறேன், நாளைக்கி யாராவது கேட்டா நீ முன்னாடியே சொல்லிட்டேன்னு ஆவும்'னு சொல்லுது. பத்து மூட்டைல எழுதிடுச்சி!" எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த விஷயத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. முதலாளி சிரிக்கவில்லை. ஒரு தாளை டைப் செய்து என்னிடம் கொடுத்தார். கடா குடல்நோயில் இறந்தது, கம்பெனியின் பொருள்மேல் தனக்குக் குறை இல்லை என்று அக்கா கையெழுத்துப் போடவேண்டும். அதை வாங்கி வருவது என் பொறுப்பு.

அக்கா பத்தாவது வரை படித்தவர். தாளை வாங்கி, உதடு அசையாமல் கடைசிவரை படித்தார். "இதுல என் பேரு சரியா இருக்குது. மீதி அத்தினியும் பொய்" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நீங்க என்னா நெனைக்கிறீங்க? கம்பெனிய வுடுங்க. நீங்க" என்றார்.

கொட்டகைக்குள் குழாய் வைத்த கடா படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. "நான் சொன்னதாலதான் செத்துச்சுக்கா" என்றேன்.

"அப்ப அத எழுதுங்க. இப்பவே கையெழுத்து போடறேன்."

நான் எழுதவில்லை. எனக்கு வேலை வேண்டும், படிக்கிற பெண் இருக்கிறாள் என்று என்னவோ சொன்னேன். அவர் கடாவுக்குத் தண்ணீர் காட்டப் போனார். முதலாளியிடம் போய், அந்தம்மா ஊரில் இல்லை என்றேன். ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற ஆள் நான்தான். இந்த இடத்தை எழுதாமல் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். தாண்டினால் அதற்குப் பிறகு நான் செய்தது பெரிதாகத் தெரியும். அது அவ்வளவு பெரிதில்லை, தாமதமாக வந்தது.

மாசி மாதத்தில் கம்பெனி ஒரு விவசாயிகள் கூட்டம் போட்டது. கல்யாண மண்டபம், மேடை, பின்கட்டில் சாப்பாடு தயாராகும் வாசனை. இருநூறு நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. அழைக்காமலே அக்காவும் கணவரும் வந்து நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி பேசி முடித்து, கேள்வி உண்டா என்று கேட்டார். யாரும் கேட்கமாட்டார்கள், எல்லோருக்கும் பசி. அக்கா எழுந்தார். "தவிடு நெறைய தின்ற ஆண் மாட்டுக்கு இந்த உப்பு போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"எங்க பொருள் எல்லா மாட்டுக்கும் ஏத்ததும்மா" என்றார் முதலாளி. அந்தம்மாவைச் சமாளிக்க அவருக்கு ஒரு வழி தோன்றியது. மைக்கை என் கையில் கொடுத்தார். "நம்ம சார் பத்து வருஷமா உங்க ஊருக்கெல்லாம் வர்றவரு. அவரே சொல்லுவாரு."

மைக்கை வாங்கினேன். அக்கா உட்காரவில்லை. அவர் முகத்தில் எதிர்பார்ப்பும் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று தெரிந்தவர்போல, அதாவது பொய் சொல்வேன் என்று தெரிந்தவர்போல, நின்றார். அந்த முகம்தான் என்னைப் பேச வைத்தது.

"கூடாது" என்றேன்.

மைக் கிறீச்சிட்டது. அது அடங்கியதும் மீதியைச் சொன்னேன். தவிட்டில் என்ன இருக்கிறது, இந்தக் கலவையில் என்ன இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ஆண் மாட்டுக்கு என்ன ஆகும், உப்பைக் கூட்டச் சொன்னது நான், ஒரு கடா செத்தது. ஒரு பெரியவர் எழுந்து, "அப்ப என் பசுவுக்கு?" என்றார். "பசுவுக்குப் போடலாங்க. ஆனா அது என்ன தின்னுதுன்னு கேட்டுட்டுத்தான் எவ்வளவுன்னு சொல்லணும். நான் இத்தன நாளா யாரையும் கேக்கல" என்றேன். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பெரிதானது. அவரவர் மாட்டைப் பற்றி அவரவர் கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளி மைக்கின் ஒயரைப் பிடுங்கச் சொன்னார். ஒயர் இல்லாமலும் என் குரல் கேட்டது.

பின்கட்டில் வைத்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் முதலாளி. கம்பெனி பையையும் மாதிரிப் பாக்கெட்டுகளையும் அங்கேயே வைத்தேன். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பந்தியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் அக்கா இருந்தார். சாப்பிட்டோம். பாயசம் ஊற்ற வந்தவரிடம், "சாருக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றார். என்னை மன்னித்ததாக அவர் எதையாவது சொன்னாரென்றால் அது அந்த ஒரு வாக்கியம்தான்.

பல மாதங்கள் அந்தத் தொழிலில் யாரும் எனக்கு வேலை கொடுக்கவில்லை. கம்பெனியைக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர். இருக்கட்டும். காட்டிக்கொடுத்தேன்தான். இப்போது வில்லியனூர் சாலையில் சின்னதாக ஒரு தீவனக் கடை வைத்திருக்கிறேன். உப்பு கேட்டு யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பேன்: ஆணா பெண்ணா, என்ன தின்கிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது. சிலருக்கு எரிச்சல் வரும், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும். பழைய கம்பெனியின் மூட்டையில் ஒரு வருடம் கழித்துப் பொடி எழுத்தில் 'தீவன முறைக்கேற்ப உரிய ஆலோசனையுடன் பயன்படுத்தவும்' என்று வந்தது. அக்காவிடம் காட்டினேன். "யாருக்கும் புரியக்கூடாதுன்னு பாடுபட்டு எழுதியிருக்கான்" என்றார்.

வயிற்றில் குழாய் வைத்துப் பிழைத்த கடா நன்றாகத் தேறியது. எட்டு மாதம் கழித்து அதையும் கறிக்கு விற்றார். இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது என்னிடம், வெட்டுவதற்கா அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றினீர்கள் என்று கேட்பார்கள். ஆமாம், வெட்டுவதற்குத்தான். லாரி வந்த அன்று நானும் இருந்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. கடா லாரிப் பலகையில் ஏறும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய்விட்டு இறங்கினார். "இருந்த வரைக்கும் வலி இல்லாம இருந்துச்சி" என்றார். என் பட்டியலில் 'எருமைப் பண்ணை' என்று மழுப்பி எழுதியது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

போன மாதம் கொட்டகைக்குப் போயிருந்தேன். இப்போது இருபத்திரண்டு கடாக்கள். ஊர் ஊராக மாடுகளைக் கணக்கெடுக்கும் இரண்டு பேர் வந்து கடாக்களின் காதில் எண் போட்ட தோடு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு படிவம். எதற்காக வளர்க்கப்படுகிறது என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: பால், உழவு, இனவிருத்தி. எழுதிக்கொண்டிருந்தவர் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "உழவுன்னு போட்டுடட்டுங்களா? பிரச்சனை இல்லாம இருக்கும்" என்றார். நல்லவர்தான், உதவியாகத்தான் சொன்னார்.

"எங்க ஏர் ஓட்டுது இது? கொடுங்க அத" என்றார் அக்கா. படிவத்தை வாங்கித் தீவனத் தொட்டியின் விளிம்பில் வைத்து, என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் தானாகவே நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தார். கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. அதற்கு நேரே 'கறி' என்று எழுதி, கட்டத்துக்குள் அழுத்தி ஒரு டிக் போட்டார். பிறகு அடுத்த படிவத்துக்குக் கை நீட்டினார்.